வசனமும் வாசகரும்: பண்டித ரமாபாயின் விவிலிய வாசிப்பு

முன்னுரை

சமய நூல்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை இயற்றியோர், உரை வகுத்தோர், மொழிபெயர்த்தோர், அச்சிட்டோர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நூல்களைத் தனியே இருந்து படித்து, தம் வாழ்வை முன்னிறுத்திப் பொருள் கண்ட வாசகரின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. இந்திய மொழிகளில் விவிலியம் பரவிய வரலாற்றிற்கும் இது பொருந்தும். எந்த ஆண்டில் எந்த மொழியில் எந்தப் பகுதி அச்சேறியது என்பதைக் கூறும் நூல்கள் பல உள. அச்சேறிய அவ்வசனங்களை இந்தியர் ஒருவர் எவ்வாறு வாசித்தார், எவ்வசனத்தின் முன் நின்றார், அதனை எவ்வாறு தமதாக்கிக் கொண்டார் என்னும் வினாக்களுக்கு விடை தேடிய ஆய்வுகள் சிலவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த பண்டித ரமாபாய் (1858–1922) இவ்வினாக்களுக்கு ஏற்ற சான்றாக விளங்குகின்றார். அவர் விவிலியத்தை வாசித்தவர். வாசிப்பின் உரிமை குறித்துத் திருச்சபையினரோடு வாதிட்டவர். தம் வாசிப்பு அனுபவத்தை எழுதி வைத்தவர். இறுதியில் அந்நூலை மராத்தியில் மொழிபெயர்த்தவர். வாசகர் என்னும் நிலையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் என்னும் நிலை வரை அவர் கடந்து சென்ற பாதையை ஆராய்வதும், அதனைத் தமிழ்ச் சூழலோடு சுருக்கமாக ஒப்பிட்டு நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

எழுத்து மறுக்கப்பட்டோரும் எழுத்தறிவும்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், இன்றைய கருநாடக மாநிலத்தைச் சார்ந்த கங்காமூலம் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாத்திரி டோங்கரே சித்பாவன அந்தணர், வடமொழியில் வல்லவர். பெண்கள் வடமொழி பயிலலாகாது என்னும் வழக்கை மீறித் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் அம்மொழியைக் கற்பித்தார். அதற்காக எதிர்ப்பையும் எதிர்கொண்டார். அத்தாயே பின்னர் ரமாபாய்க்கு ஆசிரியரானார்.

குடும்பத்தின் தொழில் புராணம் படித்துப் பொருள் கூறுதல். தலந்தோறும் சென்று, கோயில்களிலும் குளக்கரைகளிலும் அமர்ந்து புராணம் வாசிப்பதும், கேட்போர் தரும் காணிக்கையைக் கொண்டு வாழ்வதும் அவர்தம் வாழ்க்கையாயிற்று. எனவே, நூல் ஒன்றை உரக்க வாசித்தலும் அதன் பொருளை விரித்தலும் ரமாபாய்க்கு இளமையிலேயே கைவந்தன. ஆயினும் அவர் வாசித்தவை புராணங்களும் காவியங்களும் இலக்கணமுமே ஆகும். பெண் என்பதால் வேதம் அவருக்கு விலக்கப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர், ஆனால் வாசிக்க உரிமையில்லாதவர் என்னும் இம்முரண்நிலை அவர்தம் பிற்கால வாசிப்பை விளங்கிக்கொள்ளுதற்கு இன்றியமையாததாகும்.

1870களில் தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியது. 1874இல் தந்தையும் அடுத்துத் தாயும் இறந்தனர். சில காலத்தில் தமக்கையும் இறந்தார். எஞ்சிய ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் நெடுந்தொலைவு நடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கு அவரது வடமொழிப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதை’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சென், வேதத்தின் படி ஒன்றை அவரிடம் தந்து படிக்கத் தூண்டினார். விலக்கப்பட்ட நூலைக் கையில் எடுக்கத் தாம் தயங்கியதை ரமாபாய் பின்னாளில் பதிவு செய்துள்ளார். தரும நூல்களை ஊன்றிப் படித்தபோது, பெண்களும் நான்காம் வருணத்தாரும் எவ்வாறு மதிப்பிடப்பட்டுள்ளனர் என்பதில் அந்நூல்கள் பெரிதும் ஒத்த கருத்துடையனவாக இருத்தலையும் அவர் கண்டார். நூல் ஒன்று தம்மைக் குறித்து என்ன கூறுகின்றது என்று கேட்டுப் படிக்கும் முறை இங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். விவிலியத்தை அவர் அணுகிய முறையும் இதன் தொடர்ச்சியே.

ஒரு நூல், பல மொழிகள்

ரமாபாயின் கைக்கு விவிலியம் ஒரே நாளில், ஒரே மொழியில் வந்து சேரவில்லை. கல்கத்தாவில் கிறித்தவர் கூட்டம் ஒன்றிற்குச் சென்றபோது அவருக்கு வடமொழி விவிலியப் படி ஒன்று வழங்கப்பட்டது. அவர் அதனைப் படிக்க முயன்றார். அதன் நடை தாம் அறிந்த வடமொழி இலக்கிய நடையினின்றும் முற்றிலும் வேறுபட்டிருந்தது. கருத்தும் அயலாக இருந்தது. அதனைப் படிப்பது வீண் என்று கருதி ஒதுக்கி வைத்தார். எனினும் அப்படியை அவர் தம்மிடமிருந்து நீக்கவில்லை.

இந்நிகழ்ச்சி சிறியதாயினும் ஆய்வுக்குரியது. வடமொழியில் விவிலியம் மொழிபெயர்க்கப்பட்டதன் நோக்கமே கற்றறிந்த அந்தணரைச் சென்றடைதலாகும். அந்நோக்கிற்கு முற்றும் பொருந்திய வாசகர் ஒருவரே அம்மொழிபெயர்ப்பில் நுழைய இயலாது நின்றார். மொழி தெரிந்தும் நடை தடுத்தது. ஒரு மொழியின் சொற்களைப் பயன்படுத்துவது வேறு. அம்மொழியின் மரபிற்குள் நின்று பேசுவது வேறு என்பதனை இது புலப்படுத்துகின்றது.

1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டிலேயே ரமாபாய், வங்காளத்தைச் சார்ந்த வழக்கறிஞர் பிபின் பிகாரி மேதாவியை மணந்தார். அவர் அந்தணர் அல்லர். எனவே இம்மணம் சாதி கடந்ததும் மொழி கடந்ததுமாக அமைந்தது. அசாமின் சில்சாரில் வாழ்ந்த காலத்தில், வீட்டு நூலகத்தில் வங்க மொழியில் அமைந்த லூக்கா நற்செய்திச் சிறுநூல் ஒன்றை ரமாபாய் கண்டெடுத்தார். தனி நற்செய்தியாக வெளிவந்த அச்சிறு வெளியீடு, வடமொழிப் பெருநூல் தராத நுழைவாயிலைத் தந்தது. அங்கிருந்த பாப்திசுத் திருச்சபை மறைப்பணியாளர் ஒருவர் தொடக்க நூலின் படைப்பு வரலாற்றை அவருக்கு விளக்கினார். ரமாபாயின் ஆர்வத்தைக் கணவர் விரும்பவில்லை. 1882 பிப்ரவரியில் கணவர் வாந்திபேதியால் இறந்தார். கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் கைம்பெண்ணானார்.

அவ்வாண்டில் பூனாவுக்குத் திரும்பிய அவர் ஆரிய மகளிர் சமாசத்தை நிறுவினார். அண்டர் கல்விக் குழுவின் முன் பெண்கல்வி, பெண் மருத்துவர் தேவை ஆகியன குறித்துச் சான்றளித்தார். அங்கு மறைப்பணியிலிருந்த பெண்மணி ஒருவர் மராத்திப் புதிய ஏற்பாட்டை அவருக்குக் கற்பித்தார். கிறித்தவம் தழுவியிருந்த அந்தண அறிஞர் நெகேமியா கோரே (1825–1895) அவரோடு சமயக் கருத்துகளை உரையாடினார். 1883இல் ரமாபாய் இங்கிலாந்து சென்று, வாண்டேச்சு நகரில் தூய மரியா கன்னியர் மடத்தில் தங்கினார். அங்கு ஆங்கில விவிலியம் அவருக்குப் பழக்கமாயிற்று. வடமொழி, வங்கம், மராத்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் அந்நூல் அவரை அணுகியது. எந்த மொழியும் தனியுரிமை கொண்டதன்று என்னும் அவரது பிற்காலத் துணிவுக்கு இவ்வனுபவம் அடித்தளமாயிற்று.

கிணற்றடியில் ஒரு பெண்: யோவான் நற்செய்தி நான்காம் இயல்

ரமாபாயின் வாசிப்பில் நடுநாயகமாக விளங்கும் பகுதி யோவான் நற்செய்தியின் நான்காம் இயலாகும். வாண்டேச்சுக் கன்னியர்கள் அவரை இலண்டனைச் சார்ந்த புல்காமிற்கு அழைத்துச் சென்றனர். அங்குச் சமுதாயத்தால் ‘வழுவியோர்’ என ஒதுக்கப்பட்ட பெண்களுக்கு மறுவாழ்வு இல்லம் ஒன்றை அவர்கள் நடத்தி வந்தனர். அப்பெண்களை அன்போடு பேணும் காட்சி ரமாபாயை வியப்பில் ஆழ்த்தியது. இத்தகைய பெண்களிடம் இரக்கம் காட்டத் தூண்டியது எது என அவர் வினவினார். விடையாக, கன்னியர் ஒருவர் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்தித்த வரலாற்றை வாசித்து விளக்கினார். இந்தியப் பெண்களின் தாழ்நிலையை மாற்றவல்லவர் இவரே என்னும் உறுதி அவ்வியலைப் படித்த பின்னர்த் தமக்குள் பிறந்ததாக ரமாபாய் 1907இல் எழுதிய சான்றுரையில் குறிப்பிடுகின்றார்.

அவ்வியலின் அமைப்பை நோக்கினால், இந்திய வாசகர் ஒருவருக்கு அதில் அயலானவை மிகச் சிலவே எனத் தோன்றும். நண்பகலில் ஊர்க் கிணற்றுக்குத் தண்ணீர் மொள்ள வருகின்றாள் ஒரு பெண். வழிநடையால் களைத்த யூதர் ஒருவர் அவளிடம் குடிக்க நீர் கேட்கின்றார். யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை. ஆதலின் அவள் வியக்கின்றாள். அவள் ஐவரை மணந்தவள். இப்போது உடன் வாழ்பவனும் கணவன் அல்லன். அதனை அறிந்தும் அவர் உரையாடலைத் தொடர்கின்றார். வழிபடும் இடம் இம்மலையா, எருசலேமா என அவள் கேட்க, மெய்யான வழிபாடு இடத்தைச் சார்ந்தது அன்று என விடை கூறப்படுகின்றது. திரும்பி வந்த சீடர்கள், அவர் ஒரு பெண்ணுடன் பேசுவதைக் கண்டு வியக்கின்றனர். அவளோ குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் சென்று, தான் கண்டதை எடுத்துரைக்கின்றாள்.

நீர், கிணறு, கலம், தீட்டு ஆகியவற்றால் மனிதரைப் பிரிக்கும் வழக்கம் இந்தியச் சமூகம் நன்கறிந்த ஒன்று. கணவனை வைத்துப் பெண்ணை மதிப்பிடும் வழக்கமும் அவ்வாறே. மலைதோறும் தீர்த்தந்தோறும் அலைந்த குடும்பத்தில் பிறந்து, அப்பயணத்தின் இடையிலேயே பெற்றோரைப் பஞ்சத்திற்கு இழந்தவர் ரமாபாய். வழிபாடு எந்த மலையில் என்னும் வினா அவருக்கு ஏட்டு வினாவன்று. கன்னியர் விளக்கிய பகுதியில் மெய் வழிபாடு பற்றிய உரையும் அடங்கியிருந்தது என்பதை அவர் தனித்துக் குறித்திருப்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது.

மேலும், அப்பகுதியில் வரும் பெண் கேட்பவளாக மட்டும் நில்லாமல், வினவுபவளாகவும் பின்னர் உரைப்பவளாகவும் காட்டப்படுகின்றாள். புராணம் கூறி வாழ்ந்த ரமாபாய், தம் வாழ்வின் தொழிலையே அப்பெண்ணிடம் கண்டிருத்தல் கூடும். இது உய்த்துணரத்தக்கதே அன்றி, அவரே வெளிப்படையாகக் கூறியதன்று. ஆயினும் வசனத்தின் பொருள் எங்கிருந்து பிறந்தது என்பது தெளிவு. முதலில் அவர் கண்டது ஒரு செயல். அச்செயலின் காரணத்தை வினவியபோது கிடைத்தது வசனம். செயலே வசனத்திற்கு உரையாயிற்று. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் ரமாபாயும் மகள் மனோரமாவும் வாண்டேச்சில் திருமுழுக்குப் பெற்றனர்.

யார் பொருள் கூறுவது: 1885ஆம் ஆண்டு மடல்கள்

திருமுழுக்கோடு வாசிப்பு முற்றுப்பெறவில்லை. வழக்கு அப்போதுதான் தொடங்கியது. ரமாபாய்க்கு ஞானத்தாயாக விளங்கிய கன்னியர் செரால்டின், செல்டன்காம் மகளிர் கல்லூரித் தலைவர் தொரத்தி பீல் ஆகியோருடன் அவர் நிகழ்த்திய மடல் உரையாடல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டு 1977இல் நூலாக வெளிவந்தன. மும்மைக் கோட்பாடு போன்ற கொள்கைகளை ரமாபாய் உடனே ஏற்கவில்லை. அவற்றை விவிலியத்திலேயே தேடிப் பார்த்துத் தாமே உறுதி செய்ய வேண்டும் என்றார். திருச்சபையின் மரபுவழி விளக்கத்திற்குப் பணிதலே தாழ்மை என்பது செரால்டினின் நிலைப்பாடு. குருமார் குலம் ஒன்றின் நுகத்திலிருந்து அண்மையில் விடுபட்ட தாம், குருமார் கூறுவதாலேயே ஒன்றை இறைக்கட்டளையாக ஏற்று, அதுபோன்ற மற்றொரு நுகத்தைச் சுமக்க இயலாது என்பது 1885இல் ரமாபாய் எழுதிய மறுமொழியின் சாரம்.

சிலுவை பற்றிய கருத்து வேறுபாடும் இதனோடு தொடர்புடையது. இலத்தீன் மொழித் தொடர் பொறித்த சிலுவையை அணிய அவர் இசையவில்லை. தமக்கும் தம் நாட்டு மக்களுக்கும் புரியாத அம்மொழிக்கு மாற்றாக வடமொழித் தொடர் பொறிக்கப்படலாம் என்றார். இலத்தீன் எவ்வகையிலும் வடமொழியினும் புனிதமானதன்று என்பது அவர் வாதம். ஆடவருக்கு அவர் வகுப்பெடுக்கலாகாது என இந்தியாவிலிருந்த ஆயர்கள் கருத்துரைத்தபோதும் அவர் அதனை எதிர்த்தார். தந்தையின் காலத்திலிருந்தே ஆடவர் அவையில் பேசிப் பழகியவருக்கு அத்தடை பொருந்தவில்லை.

இரு தரப்பினரின் நிலையையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். தனிமனிதர் தம் விருப்பப்படி வசனத்திற்குப் பொருள் கொள்ளத் தொடங்கினால், சமயச் சமுதாயத்தின் ஒருமை சிதையும் என்பது செரால்டினின் அச்சம். அவ்வச்சம் பொருளற்றதன்று; நீண்ட உரை மரபு தனிமனிதப் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் உடையது. அதே வேளையில், விளக்கும் உரிமை ஒரு குழுவினரிடம் மட்டும் தங்கினால் நூலின் பெயரால் மனிதர் எவ்வாறு ஒடுக்கப்படுவர் என்பதைத் தம் வாழ்வில் கண்டவர் ரமாபாய். எனவே அவர் வாதம் கிறித்தவத்தை மட்டும் நோக்கியதன்று. நூலுக்கும் வாசகருக்கும் இடையில் நிற்கும் எந்த அதிகாரத்தையும் நோக்கியதாகும்.

நினைவும் வரலாற்றுச் சான்றும்

இவ்விடத்தில் ஓர் ஆய்வு நெறிமுறைச் சிக்கல் எழுகின்றது. சமாரியப் பெண் பகுதி தம்மை மாற்றியது என்னும் செய்தி 1907ஆம் ஆண்டுச் சான்றுரையில் காணப்படுவது. நிகழ்ச்சியோ 1883ஆம் ஆண்டிற்குரியது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ரமாபாயின் சமய நிலை மாறியிருந்தது. 1883இல் தாம் கிறித்தவச் சமயத்தைக் கண்டதாகவும், கிறித்துவையே கண்டது 1891 அளவில்தான் எனவும் அவர் பிரித்துரைக்கின்றார். 1905இல் அவரது முக்தி இல்லத்தில் பெரும் சமய எழுச்சி நிகழ்ந்தது. அதன் பின்னரே சான்றுரை எழுதப்பட்டது. ஆதலின், 1883ஆம் ஆண்டு வாசிப்பை 1907ஆம் ஆண்டுக் கண்கொண்டு அவர் மீட்டுரைக்கின்றார் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

1880களின் மடல்களில் ஐயுறுபவராகவும் வாதிடுபவராகவும் ரமாபாய் காட்சி தருகின்றார். சான்றுரையில் ஐயங்கள் அடங்கி, நன்றியுணர்வு மேலோங்குகின்றது. இவற்றுள் ஒன்றை மெய்யெனவும் மற்றொன்றைப் பொய்யெனவும் கொள்ள வேண்டியதில்லை. ஒரே வசனம் ஒரே வாசகருக்கு இருவேறு காலங்களில் இருவேறு பொருள் தருதல் இயல்பு. சான்றுரை என்னும் இலக்கிய வகை, வாழ்வின் நிகழ்ச்சிகளை ஒரு முடிவை நோக்கிச் செல்லும் வரிசையாக அடுக்கும் தன்மையது. மடலோ முடிவறியாது எழுதப்படுவது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே வாசிப்பின் வரலாறு முழுமை பெறுகின்றது.

வாசிப்பு தனிமனித எல்லையைக் கடந்தபோது நேர்ந்த சிக்கலும் குறிக்கத்தக்கது. 1889 மார்ச்சு 11ஆம் நாள் ரமாபாய் பம்பாயில் கைம்பெண்களுக்கான சாரதா சதனத்தைத் தொடங்கினார். அது மறு ஆண்டில் பூனாவுக்கு மாற்றப்பட்டது. சமயச் சார்பின்றி நடத்தப்படும் என்னும் உறுதியோடு தொடங்கிய அவ்வில்லத்தில், ரமாபாயின் சொந்த வழிபாட்டில் மாணவியர் சிலர் கலந்துகொண்டனர். தம் அறையின் கதவைத் தாம் மூட வேண்டியதில்லை. வருவோரைத் தடுக்கவும் வேண்டியதில்லை என்பது அவர் நிலை. இளம்பெண்கள் தலைவியின் செல்வாக்கிற்கு ஆட்படுவர் என்பது எதிர்த்தோர் வாதம். 1893இல் ரானடே, பண்டார்க்கர் ஆகியோர் ஆலோசனைக் குழுவினின்றும் விலகினர்; பெற்றோர் பலர் தம் மகளிரை அழைத்துச் சென்றனர். தம் வாசிப்பில் பிறர் அதிகாரத்தை மறுத்தவர், பிறரது வாசிப்பின் மீது தாமே அதிகாரம் பெறும் நிலை ஏற்பட்டது. தன்னுரிமை வாசிப்பு நிறுவனமாகும்போது எழும் இவ்வினாவுக்கு எளிய விடையில்லை.

நாராயண் வாமன் திலக்: மற்றொரு வழி

ரமாபாயின் வழியை விளங்கிக்கொள்ள, அவர் காலத்து மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக்கை (1861–1919) ஒப்பிடுதல் துணைபுரியும். இவரும் சித்பாவன அந்தணரே. 1893இல் தொடர்வண்டிப் பயணம் ஒன்றில் உடன் வந்த ஐரோப்பியர் ஒருவர் அவருக்குப் புதிய ஏற்பாட்டை வழங்கினார். அதனைப் படித்துச் சென்ற திலக், மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் ஈடுபட்டு நின்றார். தம் ஐயங்கள் பலவற்றிற்கு அங்கு விடை கிடைத்ததாக உணர்ந்தார். 1895இல் திருமுழுக்குப் பெற்றார். அவர் மனைவி இலட்சுமிபாய் ஐந்து ஆண்டுகள் கழித்தே அச்சமயத்தைத் தழுவினார். இடைக்காலப் பிரிவின் துயரை அவர் எழுதிய ‘சுமிருதி சித்திரங்கள்’ என்னும் தன்வரலாறு காட்டுகின்றது. ஒருவரது தனி வாசிப்பு குடும்பத்தார் மீது சுமத்தும் விலையை அந்நூலால் அறியலாம்.

திலக், துக்காராமின் வழியாகவே தாம் கிறித்துவிடம் வந்ததாகக் கருதினார். ஆதலின் அபங்க யாப்பையும் வார்க்கரி பக்தி மரபின் சொற்களையும் தயக்கமின்றி ஏற்று, கிறித்தவப் பாடல்கள் இயற்றினார். மரபின் சொற்கள் அவருக்குப் பாலமாயின. ரமாபாய்க்கோ அச்சொற்களே தடையாகத் தோன்றின. இவ்வேறுபாடு அவரது மொழிபெயர்ப்புப் பணியில் முழுமையாக வெளிப்படுகின்றது.

வாசகர் மொழிபெயர்ப்பாளராதல்

1896–97ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களிலிருந்து பெண்களையும் சிறுமியரையும் மீட்டு வந்த ரமாபாய், பூனாவை அடுத்த கேட்காவில் முக்தி இல்லத்தை வளர்த்தார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர், பஞ்சத்தில் வாடியோருக்குத் தாயானார். எழுத்தறியாத சிற்றூர்ப் பெண்களே அவ்வில்லத்தில் மிகுதி. அவர்களுக்கு மராத்தி விவிலியத்தைக் கற்பித்தபோது, அதன் வடமொழிச் செறிவு அவர்களுக்கு எட்டாதிருப்பதை ரமாபாய் கண்டார். மராத்தியில் கேரியின் புதிய ஏற்பாடு 1811இலேயே வெளிவந்து, பின்னர்த் திருத்தங்களும் நிகழ்ந்திருந்தன. எனினும் கற்றோர் நடையினின்று அது முற்றும் விடுபடவில்லை. வடமொழித் தத்துவச் சொற்கள் தம்முடன் பழைய பொருள்களையும் கொண்டு வருகின்றன என்பது அவர் கூறிய மற்றொரு குறை.

எனவே, அவர் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்து நேரே மராத்தியில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். முக்தி இல்லத்துப் பெண்களே எழுத்துக் கோத்து, அச்சிட்டு, கட்டமைத்தனர். 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் மகள் மனோரமா இறந்திருந்தார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது.

வடமொழிப் புலமைக்காகப் ‘பண்டிதை’ என்னும் பட்டம் பெற்ற ஒருவர், வடமொழிச் சொற்களை விலக்க முயன்றது வரலாற்று முரண் போலத் தோன்றலாம். கல்கத்தாவில் வடமொழி விவிலியத்தின் முன் நின்ற நாளை நினைத்தால் அம்முரண் நீங்கும். நூல் ஒன்றை வாசிக்க இயலாது நிற்பதன் துயரை அவர் அறிவார். முன்பு உரிமையின்மை தடுத்தது. பின்பு நடை தடுத்தது. முக்தி இல்லத்துப் பெண்களுக்கு இவ்விரு தடைகளும் இருத்தலாகாது என அவர் கருதினார். அவரது மொழிபெயர்ப்பு மராத்தித் திருச்சபைகளின் பொது வழக்கில் நிலைபெறவில்லை. மூலத்தோடு ஒட்டிச் செல்லும் முயற்சி நடையின் இயல்பைச் சில இடங்களில் பாதித்தது என்பர். ஆயினும் இந்தியப் பெண் ஒருவர் மூல மொழிகளைக் கற்று முழு விவிலியத்தையும் மொழிபெயர்த்தார் என்பதும், பெண்களே அதனை அச்சிட்டனர் என்பதும் இந்திய அச்சு வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கவை.

தமிழ்ச் சூழலோடு ஒப்பீடு

வசனத்தின் மொழி குறித்த இச்சிக்கல் தமிழுக்குப் புதியதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. அதன்பின் பெப்ரிசியசு மொழிபெயர்ப்பு, இரேனியசு மொழிபெயர்ப்பு, 1871இல் பவர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு எனப் பல வெளிவந்தன. இறைவனைக் குறிக்கும் சொல் மட்டுமே சர்வேசுரன், பராபரன், தேவன் என மாறி, 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் கடவுள் என நின்றது. ஒவ்வொரு மாற்றமும் வாசகரின் நெஞ்சில் பதிந்திருந்த சொல்லை இடம்பெயர்த்தது.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) பெப்ரிசியசு மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர். இரேனியசு திருத்த முயன்றபோது அவர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். வழிபாட்டிலும் பாடலிலும் பழகிய சொல்லே அவருக்கு வசனமாயிருந்தது. ரமாபாய் பழகிய சொல்லை நீக்கப் போராடினார். சாத்திரியார் பழகிய சொல்லைக் காக்கப் போராடினார். முடிவுகள் முரணினும் இருவரும் வலியுறுத்தியது ஒன்றே: வசனத்தின் மொழியைத் தீர்மானிப்பதில் அதனை வாசிக்கும் இந்தியருக்கும் உரிமை உண்டு. ஆயினும், அவரவர் எந்த வாசகரை மனத்திற் கொண்டனர் என்பதில் வேறுபாடு உளது. சாத்திரியார் ஏற்கெனவே சபைக்குள் இருந்த, பாடிப் பழகிய சமுதாயத்தின் சார்பில் பேசினார். ரமாபாய், நூலை இதுவரை தொட்டறியாத பெண்களின் சார்பில் பேசினார்.

திலக்கிற்கு இணையாகத் தமிழில் எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையைக் (1827–1900) கூறலாம். 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், வைணவ மரபிலும் கம்பனிலும் தோய்ந்த நடையில் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். மரபின் சொல்லைத் துறவாது அதனுள் புதுப்பொருளை வார்த்த வழி அவருடையது. ஆக, பழகிய மொழிபெயர்ப்பைக் காத்தல், மரபின் சொல்லில் புதுப்பொருள் வார்த்தல், மரபின் சொல்லை விலக்கிப் புதுச்சொல் தேடல் என மூவகை அணுகுமுறைகள் இந்திய விவிலிய வாசிப்பில் காணப்படுகின்றன. தமிழில் முதலிரண்டும் வலுப்பெற்றன. மூன்றாவதன் தெளிந்த வடிவம் ரமாபாயிடம் உளது.

முடிவுரை

ரமாபாயின் விவிலிய வாசிப்பை ஆராய்வதன்வழி சில முடிவுகள் பெறப்படுகின்றன. நூல் தம்மைப் பற்றி என்ன கூறுகின்றது என வினவும் வாசிப்பு முறை, விவிலியத்தை அறியும் முன்னரே அவரிடம் உருவாகியிருந்தது. யோவான் நான்காம் இயல் அவருக்குப் பொருள் தந்தது, அதன் விளக்கத்தைச் செயலில் கண்ட பின்னரே ஆகும். பொருள் கூறும் அதிகாரம் யாருடையது என்னும் வினாவை அவர் இரு சமயங்களின் முன்னும் ஒரே துணிவுடன் வைத்தார். அவரது சான்றுரையை 1880களின் மடல்களோடு சேர்த்துப் படிக்கும்போதே அவரது வாசிப்பின் வளர்ச்சி புலனாகும். மொழிபெயர்ப்பு அவருக்குப் புலமைப் பணியாக மட்டும் அமையவில்லை. தாம் பெற்ற வாசிப்புரிமையைப் பிற பெண்களுக்கு வழங்கும் முயற்சியாகவும் அமைந்தது.

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு இதுவரை காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் மொழிபெயர்ப்புகளையும் முதன்மைப்படுத்தி வந்துள்ளது. மடல்கள், சான்றுரைகள், நாட்குறிப்புகள், விவிலியப் படிகளின் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகள் ஆகியன பெரும்பாலும் குடும்பங்களின் பெட்டிகளிலும் சபை அலுவலகங்களின் அடுக்குகளிலும் உறங்குகின்றன. ஏடுகள் அழியும் முன்னர் அவற்றைத் திரட்டுதல் வேண்டும். சமாரியப் பெண் கிணற்றடியில் விட்டுச் சென்ற குடத்தை நற்செய்தியாளர் மறவாது குறித்தார். பெயரறியா வாசகர்கள் விட்டுச் சென்ற இத்தகைய தடயங்களைக் குறித்து வைத்தல் ஆய்வாளர் கடனாகும்.